ஐந்தாம் வகுப்புக்குப் பின் எந்தப் பள்ளி?

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் ஐந்தாம் வகுப்போடு முடியும் தொடக்கப் பள்ளிகளில் நம் பிள்ளைகள் பலர் படிக்கிறார்கள். ஆறாம் வகுப்புக்கு வேறு அரசுப் பள்ளியில் சேர, 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வழி செய்கிறது. நுழைவுத் தேர்வு வைக்கக் கூடாது. மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் இடம் மறுக்கக் கூடாது.

காலாப்பட்டு நவோதயா பள்ளிக்குத் தேர்வு உண்டு, தமிழிலேயே எழுதலாம். தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். குறைந்தது 75 சதவீத இடங்கள் கிராமப்புறப் பிள்ளைகளுக்கு. ஆனால் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளில் ஒரு நாள் நகரப் பகுதிப் பள்ளியில் படித்திருந்தாலும் நகரப் பிள்ளையாகவே கணக்கு. நல்ல பள்ளி என்று நாம் இடையில் டவுனுக்கு மாற்றுவது இங்கேதான் இடிக்கிறது. தேர்வும் ஒரே முறைதான். ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதே எழுத வேண்டும்.