பிள்ளை கீறும் படத்துக்கு மார்க் போடாதீர்கள்

போருக்குள் இருந்து வந்த பிள்ளையிடம் "என்னம்மா நடந்தது, சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் தலையைக் குனிந்துகொள்ளும். அதைப் பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம். பயத்தில் பதிந்த நினைவுகள் பல வேளை கதை மாதிரி ஒழுங்காக வருவதில்லை. ஒரு சத்தம், ஒரு மணம், ஒரு காட்சி என்று துண்டு துண்டாகத்தான் வரும். அதற்குச் சொல் தேடுவது பெரிய ஆட்களுக்கே கஷ்டம். ஓவிய சிகிச்சை தொடங்குவது இந்த இடத்தில்தான்.

இதன் வேர்களில் ஒன்று நாஜிகளின் தெரெசின் முகாமில் இருக்கிறது. 1942 டிசம்பரில் அங்கே கொண்டுபோகப்பட்ட ஓவியர் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ், அடைபட்டிருந்த யூதப் பிள்ளைகளுக்கு ஒளித்து ஒளித்து ஓவியம் சொல்லிக்கொடுத்தார். கையில் கிடைத்த பழைய தாள்தான் அவர்களின் கொப்பி. ஒவ்வொரு படத்திலும் பிள்ளை தன் பெயரை எழுத வேண்டும் என்பது அவர் விருப்பம். 1944 ஒக்டோபரில் அவர் அவுஷ்விட்சில் கொல்லப்பட்டார். அந்தப் பிள்ளைகளிலும் பெரும்பாலானோர் தப்பவில்லை. இரண்டு சூட்கேஸ்களில் ஒளித்து வைத்த சுமார் 4,500 படங்கள் மட்டும் தப்பின. இன்று அவை பிராக் யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவருடைய மாணவி ஈடித் கிரேமர் 1938இல் நியூயோர்க் போய், பின்னாளில் ஓவிய சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவரானார்.

எங்கள் மண்ணிலும் இதற்கு ஒரு கதை உண்டு. 1996இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, மட்டக்களப்பில் ஜேசு சபைக் குருவானவர் போல் சற்குணநாயகமும் கனடிய ஓவியர் போல் ஹோகனும் சேர்ந்து வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் ஊருக்குள் மற்றவர் போகவே பயந்த காலம் அது. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் பஸ்ஸில் வந்து இறங்கி, ஒரே இடத்தில் களிமண் பிசைந்தார்கள், படம் கீறினார்கள், கதை சொன்னார்கள்.

ஓவிய வகுப்புக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? இங்கே சரி, பிழை இல்லை. "என் வீடு எரிந்தது" என்று சொல்ல முடியாத பிள்ளை, "இந்தப் படத்தில இருக்கிற வீடு எரியுது" என்று சொல்லலாம். அந்தச் சின்ன இடைவெளிதான் பாதுகாப்பு. பிடிக்காவிட்டால் அதைக் கிழிக்கலாம், மேலே வேறு நிறம் பூசலாம். எதுவுமே தன் கையில் இல்லாமல் போன பிள்ளைக்கு, ஒரு தாளாவது தன் சொற்படி கேட்கிறது.

அதற்காக இதை மந்திரமாக நினைக்கவும் கூடாது. கறுப்புச் சூரியனைப் பார்த்து "பிள்ளைக்கு ஏதோ பிரச்சினை" என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. படம் எக்ஸ்ரே இல்லை. பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டியில் இப்படியான பிள்ளைகளுக்குப் பரிந்துரைப்பது அதிர்ச்சி அனுபவத்தை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை. ஓவியம் அதற்குத் துணை நிற்கலாம், பதிலாக நிற்க முடியாது. பிரித்தானியாவில் ஓவிய சிகிச்சையாளர் என்ற பட்டம் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. பதிவு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் பிள்ளையை விட வேண்டும்.

இப்போது எங்கள் வீடுகளுக்கு வருவோம். 2009க்குப் பிறகு வந்த குடும்பங்களில் போரைப் பார்த்த பிள்ளைகள் இருந்தார்கள். இன்று அவர்கள் பெற்றோர். "அதெல்லாம் பிள்ளைக்கு என்னத்துக்கு?" என்று கதையை மூடிவிடுகிறோம். ஆனால் அப்பா ஏன் வாணவேடிக்கைச் சத்தத்துக்குத் திடுக்கிடுகிறார் என்பதைப் பிள்ளை கவனித்துக்கொண்டுதான் இருக்கிறது. அதே பிள்ளையைச் சனிக்கிழமை ஓவியப் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போய், "ஏன் கோட்டுக்கு வெளியில கலர் போயிருக்கு?" என்று கேட்கிறோம்.

எங்கள் தமிழ்ப் பள்ளிகளில் வாரத்தில் ஒரு மணித்தியாலம் மார்க்கும் பரிசும் இல்லாத ஓவிய நேரமாக இருக்கட்டும். அது சிகிச்சை ஆகாது, ஆனால் மூச்சு விடுகிற இடமாக இருக்கும். "இது என்ன?" என்று விசாரிக்காமல், "இதைப் பற்றிச் சொல்ல விருப்பமா?" என்று கேளுங்கள். "இல்லை" என்றால் விட்டுவிடுங்கள். கெட்ட கனவு, நித்திரையின்மை, பள்ளிக்கூடம் போகப் பயம் என்று தொடர்ந்தால் குடும்ப வைத்தியரிடம் போங்கள். "ஊர் என்ன கதைக்கும்?" என்ற யோசனை வேண்டாம். ஊர் கதைத்துவிட்டுப் போய்விடும். இரவில் பிள்ளையோடு விழித்திருக்கப்போவது நீங்கள்தான்.