திறந்த மூல நாணய மென்பொருளும் முன்வெளியீட்டுச் சோதனையும்

2009ஆம் ஆண்டு ஜனவரியில் இயங்கத் தொடங்கிய பிட்கொயின், மத்திய வங்கியேதுமின்றி இயங்கும் பணமுறையாகும். உலகெங்கும் பரந்துள்ள கணினிகள், ஒரே விதிகளைக்கொண்டு ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் தனித்தனியே சரிபார்க்கின்றன. அவ்விதிகள் மென்பொருளிலேயே உறைந்துள்ளன. எனவே, இங்கு மென்பொருளின் வழு, பணமுறையின் வழுவாகவே அமைந்துவிடுகின்றது. மூலநிரல் யாவர்க்கும் திறந்திருப்பதால் வழுக்கள் தாமாகவே வெளிப்பட்டுவிடும் என்ற கருத்துப் பரவலாக உண்டு. அக்கருத்து எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை நோக்குவது பயனுடைத்து.

பிட்கொயின் கோர் என்னும் மென்பொருளின் புதிய பதிப்பு வழமையாக நேரடியாகப் பாவனைக்கு விடப்படுவதில்லை. முதலில் வெளியீட்டு முன்வடிவொன்று சோதனைக்கென வழங்கப்படும். பாரதூரமான வழு காணப்படின், அது திருத்தப்பட்டு அடுத்த முன்வடிவு வெளிவரும். சோதிப்போர் பெரும்பாலும் தொண்டர்களே. தரவிறக்கிய கோப்பின் மின்னொப்பத்தைச் சரிபார்த்தல், தமது பணப்பைக் கோப்பைப் பிரதிசெய்து வைத்தல், பெறுமதியற்ற நாணயங்கள் புழங்கும் சோதனை வலையமைப்பில் இயக்கிப்பார்த்தல், பழைய பதிப்பிலிருந்து புதியதற்கு மாறும்போது தரவுகள் சிதையாதிருக்கின்றனவா எனக் கவனித்தல் என்பன அவர்களது பணிகளாகும்.

இச்சோதனையின் எல்லைகளை இரு நிகழ்ச்சிகள் புலப்படுத்துகின்றன. 2013 பெப்ரவரியில் வெளிவந்த 0.8ஆம் பதிப்பு, தரவுத்தள முறையைப் பேர்க்லி டிபியிலிருந்து லெவல்டிபிக்கு மாற்றிற்று. மறுமாதத்தில், புதிய பதிப்பு உருவாக்கிய பெரிய தொகுதியொன்றைப் பழைய பதிப்புகள் பல ஏற்க மறுத்தன. பழைய தரவுத்தளத்தில் ஒரே வேளையில் இடக்கூடிய பூட்டுகளின் எண்ணிக்கைக்கு இருந்த வரம்பே இதற்குக் காரணம். எவரும் எழுதிவைக்காத அவ்வரம்பு, எவருமறியாது நாணயத்தின் விதியாகச் செயற்பட்டிருந்தது. ஏறத்தாழ 6 மணித்தியாலங்கள் பேரேடு இரண்டாகப் பிளவுண்டு கிடந்தது. அகழ்வோர் சிலர் தமது வருவாயை இழந்து பழைய பதிப்புக்குத் திரும்பியதனாலேயே அது மீண்டும் ஒன்றாயிற்று. புதியதை மாத்திரம் சோதிப்பது போதாது. பழையதும் புதியதும் கலந்தியங்கும் சூழலையும் சோதித்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்பட்டது.

இரண்டாவது நிகழ்ச்சி இதனினும் ஆழமானது. 2017இல் வெளியான 0.14ஆம் பதிப்பில், வேகங் கருதி ஒரு சரிபார்ப்பு மிகையெனக் கைவிடப்பட்டது. அதன் விளைவாக, 0.15ஆம் பதிப்பிலிருந்து, ஒரே நாணயத்தை ஒரே கொடுக்கல் வாங்கலில் இருமுறை செலவிடும் வழி திறந்தது. 2 கோடியே 10 இலட்சம் என்ற நாணய உச்சவரம்பையே தகர்க்கவல்ல இவ்வழு, 2018 செப்டெம்பர் வரை கண்டறியப்படவில்லை. பிட்கொயின் வலையமைப்பில் எவரும் அதனைப் பயன்படுத்துமுன் 0.16.3ஆம் பதிப்பு அதனைத் திருத்திற்று.

எவரும் பார்க்கலாம் என்பது, எவரோ பார்த்துவிட்டார் என்பதாகாது. வழமையான பாவனையை மாத்திரம் பரீட்சிக்கும் சோதனை, வழமையை மீறவரும் எதிரியைக் காணாது. மேலும், இந்நாணயத்தால் இலாபமீட்டும் நிறுவனங்கள் பல. சோதனைக்கு நேரமளிப்போர் சிலர். பொதுச் சொத்தாகிய மென்பொருளின் நம்பகத்தன்மை இச்சிலரது ஊதியமற்ற உழைப்பில் தங்கியிருக்கும்வரை, திறந்த மூலம் என்பது பாதுகாப்பிற்கான வாய்ப்பேயன்றி உத்தரவாதமன்று. அவ்வாய்ப்பைப் பயன்படுத்தும் பொறுப்பு, பயன்பெறுவோர் அனைவரையும் சார்ந்ததாகும்.