கன்னு கழியுதா? நிறத்தை விடுங்க, வயசைப் பாருங்க!

மாடு கன்று போட்ட வீட்டில் முதல் வாரம் சந்தோஷம், இரண்டாவது வாரம் சோதனை. நேற்று வரை துள்ளிக்கொண்டிருந்த கன்று இன்று மடியைத் தேடாமல் படுத்துக் கிடக்கும். வாலும் பின்தொடையும் மஞ்சளாக நனைந்திருக்கும். "பால் கூடுதலா குடிச்சிருச்சு, ஒத்துக்கலை" என்பார் ஒருவர். "வயித்துல பூச்சி, மருந்து ஊத்து" என்பார் இன்னொருவர். மருந்துக் கடையில் கேட்டால் ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரையைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

மூன்றுமே சரியாக இருக்கலாம், மூன்றுமே தப்பாகவும் இருக்கலாம். ஆனால் பிறந்து ஒரு மாதத்துக்குள் வரும் கழிச்சலில் பெரும் பங்கு ரோட்டா, கொரோனா என்ற இரண்டு வைரஸ்களுக்கு உண்டு. வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. கன்றின் குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்களைத்தான் அது அழிக்கும். நஞ்சில்லா வேளாண்மை செய்கிற நாம் காரணம் தெரியாமல் மருந்து போடவும் கூடாது, காரணம் தெரியாமல் மருந்தே வேண்டாம் என்று பிடிவாதம் பிடிக்கவும் கூடாது.

குடலுக்குள் என்ன நடக்குது?

1969-ல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் மெபஸ் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும், கன்றுக் கழிச்சலுக்கு ஒரு வைரஸ் காரணம் என்று காட்டினார்கள். அதுவே பின்னாளில் ரோட்டா என்று பெயர் பெற்றது. மின்நுண்ணோக்கியில் பார்த்தால் வண்டிச் சக்கரம் மாதிரி இருக்கும். லத்தீனில் ரோட்டா என்றால் சக்கரம்.

சிறுகுடலின் உள்பக்கம் துண்டுத் துணியின் நூல் முனைகள் போலச் சின்னச் சின்ன விரல்கள் இருக்கின்றன. பாலைச் செரித்து உறிஞ்சுவது அவைதான். ரோட்டா வைரஸ் இந்த விரல்களின் நுனியை அரித்துவிடுகிறது. குடித்த பால் செரிக்காமல் அப்படியே தங்கி, உடம்பில் இருக்கும் நீரையும் இழுத்துக்கொண்டு வெளியே போகிறது. கொரோனா இன்னும் ஆழமாகப் போய்ப் பெருங்குடலையும் தாக்கும். அதனால் கழிச்சல் கூடுதல் நாள் நீடிக்கும், சளியோ ரத்தமோ கலந்து வரலாம். இது கன்றுக்கு வரும் கொரோனா. மனிதரை முடக்கிய கோவிட் வைரஸ் வேறு.

அரிக்கப்பட்ட குடல் சில நாட்களில் தானே வளர்ந்துவிடும். அதுவரை கன்று உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான். கன்றைக் கொல்வது பெரும்பாலும் வைரஸ் அல்ல, நீரும் உப்பும் வடிந்துபோவதுதான்.

வயசு சொல்லும் சேதி

வெள்ளையாகப் போனால் இது, மஞ்சளாகப் போனால் அது என்று நிறத்தை வைத்து முடிவு கட்ட முடியாது. அதைவிட நல்ல சாட்சி கன்றின் வயசு.

பிறந்து முதல் 4, 5 நாட்களுக்குள் தண்ணீராகப் பீய்ச்சினால் ஈ.கோலை என்ற பாக்டீரியா மீது சந்தேகம்.

5 முதல் 15 நாள் என்றால் ரோட்டா. கொரோனா இந்தக் காலத்திலும் வரும், ஒரு மாதம் வரையிலும் வரும்.

1 முதல் 3 வாரம் என்றால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணிக்கும் வாய்ப்பு உண்டு.

2 வாரத்துக்கு மேல் கடும் காய்ச்சல், நாற்றம், ரத்தம் சேர்ந்து வந்தால் சால்மோனெல்லாவாக இருக்கலாம்.

3 வாரம் தாண்டி முக்கி முக்கி ரத்தமாகப் போனால் ரத்தக் கழிச்சல், அதாவது காக்சிடியா. எருமைக் கன்றுக்கு என்றால் தாய்ப்பால் வழியே வரும் உருண்டைப்புழுவையும் சேர்த்துப் பாருங்கள்.

இது சந்தேகப் பட்டியல்தான், தீர்ப்பு இல்லை. ஒரே கன்றில் இரண்டு மூன்று காரணங்கள் சேர்ந்தே இருப்பதும் சகஜம். தீர்ப்பு சொல்ல வேண்டியது சாணம்.

சாணம் எடுக்கும் முறை

கழிச்சல் ஆரம்பித்த முதல் நாளிலும் இரண்டாம் நாளிலும்தான் வைரஸ் ஏராளமாக வெளியேறும். நாலு நாள் வைத்தியம் பார்த்து, கடைசியில் மாதிரி எடுத்துக்கொண்டு ஓடினால் விடை கிடைக்காது. எந்த மருந்தும் கொடுக்கும் முன்பே எடுக்க வேண்டும்.

கையுறை போட்டு, ஆசனவாயை விரலால் லேசாகத் தூண்டினாலே கன்று கழியும். தரையில் கிடப்பதை வழிக்காமல், வருவதை நேராகச் சுத்தமான மூடி போட்ட டப்பாவில் பிடியுங்கள். இரண்டு ஸ்பூன் அளவு போதும். பல கன்றுகள் கழிந்தால் ஒன்றோடு நிறுத்தாமல் நாலைந்து கன்றுகளில் தனித்தனி டப்பாவில் எடுங்கள். கன்றின் வயசு, கழிச்சல் தொடங்கிய நாள், சீம்பால் எப்போது குடித்தது என்பதைத் துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டுங்கள். ஐஸ் போட்ட பெட்டியில் அன்றைக்கே கொண்டு போங்கள். உறைய வைத்தால் மற்ற கிருமிகளுக்கான சோதனை கெட்டுப்போகும்.

கன்று இறந்துவிட்டால் உடனே புதைத்துவிடாதீர்கள். கால்நடை மருத்துவரை அழைத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். குடல் சில மணி நேரத்திலேயே அழுகிவிடும் என்பதால் தாமதம் கூடாது.

மாதிரியை உள்ளூர் கால்நடை மருந்தக மருத்துவர் மூலமாக அனுப்புவதுதான் நல்லது. மாவட்டத்தில் உள்ள கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவு, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி போன்ற ஊர்களின் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் ஆகியவற்றில் எங்கே எந்தச் சோதனை நடக்கிறது என்று அவரிடமே கேளுங்கள். எலைசா, பி.சி.ஆர். சோதனைகள் வைரஸைக் காட்டும். ஒட்டுண்ணிக்கு நுண்ணோக்கியும், பாக்டீரியாவுக்கு வளர்ப்புச் சோதனையும் வேண்டும். ஆகவே "கழிச்சலுக்குப் பாருங்க" என்று மட்டும் சொல்லாமல், எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

முடிவு வந்ததும் ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். நல்லா இருக்கிற கன்றின் சாணத்திலும் ரோட்டா இருக்கலாம். கழியும் கன்றுகள் பலவற்றில் இருந்து, நலமான கன்றுகளில் இல்லை என்றால் சந்தேகம் உறுதிப்படும்.

முடிவு வரும் வரை?

நீர் கொடுங்கள். கழுத்துத் தோலைக் கிள்ளி விடுங்கள். சட்டென்று பழைய நிலைக்குத் திரும்பினால் நல்லது. இரண்டு விநாடிக்கு மேல் மடிந்தே நின்றால், கண் உள்வாங்கியிருந்தால், நீர் வற்றுகிறது என்று அர்த்தம். 30 கிலோ கன்று 3 லிட்டர் நீரை இழந்தாலே உயிருக்கு ஆபத்து.

ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் குளுக்கோஸ் தூள் 4 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூன் கலந்து, உடல் சூட்டில் கொடுக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் உதவும். நாட்டுக் கன்றுக்கு வேளைக்கு ஒரு லிட்டர், பெரிய கலப்பினக் கன்றுக்கு இரண்டு லிட்டர், நாளுக்கு இரண்டு மூன்று வேளை. சர்க்கரையும் வெல்லமும் இதற்கு ஆகாது. அவற்றைச் செரிக்கும் நொதி இளங்கன்றின் குடலில் கிடையாது. செரிக்காத இனிப்பு கழிச்சலைத்தான் கூட்டும்.

பாலை நிறுத்தாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடுங்கள். உப்பு நீரைப் பாலில் கலக்காமல் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். நம்ம பாட்டி வைத்தியத்தில் உள்ள வெந்தயம், சீரகம், மஞ்சள் உருண்டையைக் கொடுப்பவர்கள் கொடுக்கலாம். ஆனால் அது நீருக்கு மாற்று ஆகாது.

கன்று எழுந்து நிற்கவில்லை, விரலை வாயில் வைத்தால் சப்பவில்லை, காதும் வாயும் சில்லிட்டிருக்கிறது என்றால் வாய்வழி நீர் போதாது. நரம்பு வழியாக ஏற்ற வேண்டும். 1962-க்குப் போன் செய்யுங்கள். ரத்தத்தில் கிருமி பரவிய கன்றுக்கு ஆன்டிபயாடிக் வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், அங்கே இயற்கை விவசாயம் என்று தடுக்காதீர்கள்.

ஆட்டுக்குட்டி என்றால்

1987-ல் இந்தியாவில் முதன்முதலாக ஆட்டுக்கொல்லி நோய் கண்டறியப்பட்டது நம் விழுப்புரம் பக்கத்து அரசூரில்தான். காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் ஒழுக்கு, வாய்ப்புண், அப்புறம் கழிச்சல் என்று வரிசையாக வந்தால் சாணம் மட்டும் போதாது. கண், மூக்கு, வாய் ஒழுக்கையும் பஞ்சில் எடுத்து அனுப்ப வேண்டும். மந்தைக்கே பரவும் நோய் இது. உடனே தகவல் சொல்லுங்கள், அந்த ஆடுகளைச் சந்தைக்கு ஓட்டாதீர்கள்.

வைரஸுக்குத்தான் மருந்து இல்லையே, எதுக்குச் சோதனை?

சிலர் இப்படிக் கேட்கிறார்கள். சோதனை இந்தக் கன்றுக்காக மட்டும் இல்லை, அடுத்த கன்றுக்காக. ரோட்டா என்று தெரிந்தால், கழியும் கன்றைத் தனியே கட்டி, நலமான கன்றை முதலிலும் நோய்க் கன்றைக் கடைசியிலும் கவனிப்போம். வைரஸ் ஈரச் சாணத்தில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் கன்று கட்டும் இடத்தை மாற்றி, பழைய இடத்தைக் கழுவி, வெயிலில் காயவிட்டு, சுண்ணாம்பு அடிப்போம்.

எல்லாவற்றுக்கும் மேலே சீம்பால். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, முதல் ஆறு மணி நேரத்துக்குள். 30 கிலோ கன்றுக்கு 3 லிட்டர். ஒரு நாள் கழிந்தால் சீம்பாலின் எதிர்ப்புச் சக்தி ரத்தத்தில் ஏறாது. ஆனாலும் தொடர்ந்து சில நாட்கள் கொடுத்தால் குடலுக்குள்ளேயே நின்று ரோட்டாவைத் தடுக்கும். நஞ்சுக்கொடி விழும் வரை சீம்பால் கொடுக்கக் கூடாது என்று காத்திருக்கும் பழக்கம் இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள்.

கழியும் கன்றைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கிரிப்டோஸ்போரிடியமும் சால்மோனெல்லாவும் நம் வீட்டுக் குழந்தைக்கும் வரும்.

கொட்டிலில் ஒரு நோட்டைத் தொங்கவிடுங்கள். ஈன்ற நாள், சீம்பால் குடித்த நேரம், கழிச்சல் கண்ட நாள் என மூன்றை மட்டும் எழுதினால் போதும். மருத்துவர் வந்ததும் முதலில் கேட்கப்போவது அந்த நோட்டில் இருப்பதைத்தான்.