மார்புக்கறிப் புகையூட்டலும் வெப்பத் தேக்கமும்

புகையூட்டல் என்பது, ஊனைத் தழலின்மேல் நேரே வாட்டாமல், ஒருபுறம் எரியும் விறகின் வெம்மையும் புகையும் கலந்த காற்றோட்டத்தில் நெடுநேரம் வைத்து வேகவைக்கும் முறையாகும். மென்தசையைக் கடுந்தழலில் விரைந்து சுடுவது ஒருவகை. வன்தசையை இளஞ்சூட்டில் நாள்முழுதும் கனியவைப்பது மற்றொரு வகை. நடு டெக்சாசில், செருமானிய, செக்குக் குடியேறிகளின் கறிக்கடைகளில் வேரூன்றி, கருவாலி விறகின் புகையில் வளர்ந்த மாட்டு மார்புக்கறி, இரண்டாம் வகையின் கொடுமுடி.

மாட்டிற்குக் காறையெலும்பு இல்லை. ஆதலின் முன்னுடலின் சுமையை மார்புத் தசைகளே பெரிதும் தாங்குகின்றன. இவ்வாறு ஓயாது உழைக்கும் தசையில் கொலாசன் என்னும் இணைநார்ப் புரதம் மிகுந்திருக்கும். ஏறத்தாழ 70 பாகை செல்சியசுக்கு மேல் பல மணிநேரம் நிலைத்தாலன்றி அந்நார் நெகிழ்ந்து ஊன்பசையாகாது. அடுப்பின் வெப்பநிலையை 107 முதல் 121 பாகைக்குள் அடக்கிவைப்பது இதன்பொருட்டே.

வீட்டில் முதன்முறை முயல்வோரைக் கலங்கடிப்பது வெப்பத் தேக்கம். கறியின் உள்வெப்பநிலை 65 பாகையைக் கடந்ததும் ஏறுவதை நிறுத்தி, மணிக்கணக்கில் அசையாது நிற்கும். தீ தளர்ந்ததென எண்ணி விறகை அள்ளித் திணிப்போர் பலர். அடுப்பில் குறையேதுமில்லை. மேற்பரப்பில் கசியும் நீர் ஆவியாகுங்கால் தனக்கு வேண்டிய வெப்பத்தைக் கறியிடமிருந்தே கவர்ந்து செல்கிறது. வரும் வெப்பமும் போகும் வெப்பமும் ஈடாக நிற்குமளவும் வெப்பமானி நகராது. மண்பானை நீரைத் தண்ணென்று வைக்கும் நெறியும் இதுவே. மேற்பரப்பு உலர உலரத் தேக்கம் தானே உடையும். மெழுகு பூசாத தடித்த தாளில் பொதிந்தால் ஆவியாதல் தடைப்பட்டு விரைந்து உடையும். ஆயின் கருகிய மேலோட்டின் உறுதி சற்றுக் குறையும். ஆகவே மேலோடு நன்கு இறுகியபின் பொதிவதே என் தேர்வு.

அறுத்த துண்டின் விளிம்பில் தோன்றும் செவ்வளையம், விறகு எரிகையில் எழும் வளிகளான நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் தசைநிறமியோடு பிணைவதால் விளைவது. கண்ணுக்கு அழகு, நாவுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. நறுமணமோ, மரத்திலுள்ள லிக்னின் என்னும் காழ்ப்பொருள் தீயில் சிதைந்து தருவது. மெல்லிய நீலப்புகை அதனை இனிதே ஊட்டும். அடர்ந்த வெண்புகை கசப்பையே ஏற்றும்.

உள்வெப்பநிலை 95 பாகையை அணுகும்போது குத்தூசி தடையின்றி இறங்குகிறதா எனப் பாருங்கள், கடிகாரத்தை நம்பவேண்டாம். இறக்கியபின் ஒரு மணிநேரமேனும் ஆறவிட்டு, நாரோட்டத்திற்குக் குறுக்கே அறுங்கள். ஒன்றன்மேலொன்றாய்ப் படிந்த இரு தசைகளின் நார்களும் வெவ்வேறு போக்கில் ஓடுவதால், இடையில் கத்தியைத் திருப்பிப் பிடிக்க வேண்டும்.