ஆடித் தள்ளுபடியில வாங்கின துணி அலமாரியிலேயே இருக்கா? க்வில்ட் தைக்கிறவங்களுக்கான உண்மையான கணக்கு

மாசச் சம்பளம் வாங்கிக்கிட்டு, சனி ஞாயிறுல வீட்ல தையல் மெஷின் முன்னாடி உட்கார்றவங்களுக்கான பதிவு இது. அதுலயும் க்வில்ட் தைக்கிறவங்களுக்கு.

க்வில்ட்னா என்னன்னு கேட்கிறவங்களுக்கு: துண்டுத் துணிகளை ஒண்ணோட ஒண்ணு இணைச்சு மேல் துணி, நடுவுல பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி, மூணையும் சேர்த்துத் தைச்ச போர்வை. நமக்கு இது புதுசு இல்லை. பழைய காட்டன் புடவைகளை அடுக்கி, ஓட்டுத் தையல் போட்டு, குழந்தைக்கு விரிப்பு தைச்ச பாட்டிகள் நம்ம வீடுகள்லயும் இருந்தாங்க. வங்காளத்துல கந்தா, மகாராஷ்டிராவுல கோதடி, எல்லாம் இதே குடும்பம்தான். 2019-ல சென்னை வர்த்தக மையத்துல இந்தியா க்வில்ட் ஃபெஸ்டிவலே நடந்தது.

ஆனா பாட்டி பழைய துணியில தைச்சாங்க, நாம புதுத் துணி வாங்கித் தைக்கிறோம். பணக் கணக்கு அங்கதான் ஆரம்பிக்குது.

அலமாரியில இருக்கிறது சேமிப்பு இல்லை

தி.நகர் பக்கம் வேலை பார்த்தா இந்தச் சபலம் தினமும் உண்டு. மாம்பலம் ஸ்டேஷன்ல இறங்கினா ரங்கநாதன் தெரு, அந்தப் பக்கம் உஸ்மான் ரோடு, கொஞ்சம் நடந்தா பாண்டி பஜார். கட் பீஸ் குவியலைப் பார்த்தா கை சும்மா இருக்காது. ஆடி மாசம் வந்தா கேட்கவே வேண்டாம். "பாதி விலை, 1,000 ரூபாய் மிச்சம்"னு சந்தோஷமா பையைத் தூக்கிட்டு வருவோம்.

ஒரு கம்பெனி கணக்கு எழுதும்போது கையிருப்புச் சரக்குக்கு ஒரு விதி இருக்கு. வாங்கின விலை, இப்ப வித்தா கைக்கு வரக்கூடிய விலை, ரெண்டுல எது குறைவோ அதைத்தான் எழுதணும். பாதி தைச்ச பொருளுக்கும் இதே விதிதான். இப்ப உங்க அலமாரியைத் திறந்து பாருங்க. முக்கால் மீட்டர் கட் பீஸை யார் திருப்பி வாங்குவாங்க? மேல் துணி மட்டும் தைச்சு, பஞ்சு வைக்காம மடிச்சு வெச்ச க்வில்ட்டுக்கு என்ன விலை? கிட்டத்தட்ட ஒண்ணுமில்லை.

மாசம் 2,000 ரூபாய்க்குத் துணி வாங்கினா வருஷத்துக்கு 24,000. அது முதலீடு இல்லை, செலவு. பொழுதுபோக்குக்குச் செலவு பண்றது தப்பே இல்லைங்க. சினிமா, ஓடிடி மாதிரி பட்ஜெட்ல அதுக்கும் ஒரு வரி போட்டுடுங்க. "எப்பவாவது வித்துடலாம்"னு சொல்லி அதைச் சேமிப்புப் பக்கம் எழுதறதுதான் தப்பு.

ஒரு க்வில்ட்டோட அசல் என்ன?

சிங்கிள் பெட் அளவு, 60 இஞ்ச் அகலம், 90 இஞ்ச் நீளம்னு வெச்சுக்குவோம். 44 இஞ்ச் பன்னா துணியில மேல் துணிக்கு வெட்டுச் சேதாரத்தோட சேர்த்து நாலரை மீட்டர் வேணும். ஒரு பன்னா அகலம் போதாது, ரெண்டை இணைக்கணும்கறதால அடித்துணிக்கு 5 மீட்டர். ஓரப்பட்டிக்கு அரை மீட்டர். மொத்தம் 10 மீட்டர். கீழே இருக்கிற விலைகள் உதாரணத்துக்குத்தான், உங்க பில்லைப் பார்த்து மாத்திக்கோங்க.

- துணி, மீட்டர் 150 வீதம்: 1,500 ரூபாய்
- பஞ்சு விரிப்பு: 700
- நூல், ஊசி: 150
- மெஷின் தேய்மானம் (15,000 ரூபாய் மெஷின், 50 க்வில்ட்டுக்கு உழைக்கும்னு கணக்கு): 300
- பேக்கிங், கூரியர்: 250

மொத்தம் 2,900 ரூபாய். ஆபீஸ் தோழி ஒருத்தங்க ஆசைப்பட்டு 4,000 கொடுத்து வாங்கிக்கறாங்க. லாபம் 1,100. சூப்பர்!

இருங்க, எத்தனை மணி நேரம் தைச்சீங்க? வெட்டி, அயர்ன் பண்ணி, இணைச்சு, ஓரம் அடிச்சு முடிக்க 30 மணி நேரம்னு வெச்சா, மணிக்கு 37 ரூபாய்கூட வரலை. கையில 40,000 சம்பளம் வாங்கறவர் மாசம் 22 நாள், தினம் 9 மணி நேரம் வேலை பார்த்தா மணிக்குச் சுமார் 200 ரூபாய் வருது. உங்க நேரத்துக்கு மணிக்கு 150 போட்டாலே அந்த க்வில்ட்டோட விலை 7,400 ஆகுது.

அந்த விலைக்கு வாங்க ஆள் இருந்தா அது தொழில். இல்லைன்னா அது பொழுதுபோக்கு, சந்தோஷமா தைச்சுப் பரிசா கொடுங்க. ரெண்டுக்கும் நடுவுல நின்னு 4,000-க்கு வித்துக்கிட்டே இருந்தா, உங்க சனி ஞாயிறை நீங்களே தள்ளுபடியில கொடுக்கறீங்கன்னு அர்த்தம்.

விற்க ஆரம்பிச்சா வரி எப்படி?

பலர் கவனிக்காத இடம் இதுதான். எப்பவோ ஒரு தடவை அசல் விலைக்குத் தோழிக்குக் கொடுத்தா பிரச்சினை இல்லை. இன்ஸ்டாகிராம்ல பேஜ் போட்டு, ஆர்டர் எடுத்து, லாப நோக்கத்தோட தொடர்ந்து வித்தா அது வணிக வருமானம். தொகை சின்னதா இருந்தாலும் சரி. 2025-26 நிதியாண்டு விதிகளை வெச்சு மூணு விஷயம் சொல்றேன்.

முதல் விஷயம், படிவம். வழக்கமா போடற ஐடிஆர்-1 இனி செல்லாது. 44ஏடி பிரிவுல ப்ரிசம்ப்டிவ் முறை எடுத்தா ஐடிஆர்-4 போதும். விற்பனையில குறைஞ்சது 8 சதவீதத்தை லாபமா காட்டணும். யுபிஐ, பேங்க் வழியா வந்த தொகைக்கு 6 சதவீதம். உண்மையான லாபம் அதைவிட அதிகம்னா, அதிகமானதையே காட்டுங்க. ஷேர் வித்த ஷார்ட் டேர்ம் லாபமும் இருந்தா ஐடிஆர்-3-க்குப் போகணும். (2026 ஏப்ரல் 1-க்கு அப்புறம் வர்ற வருமானத்துக்குப் புது வருமான வரிச் சட்டம். அதுல பிரிவு எண்கள் மாறுது.)

ரெண்டாவது, பழைய முறையா புதிய முறையா. சம்பளம் மட்டும் இருக்கறவங்க வருஷா வருஷம் மாத்திக்கலாம். வணிக வருமானம் சேர்ந்துட்டா அந்தச் சுதந்திரம் போயிடும். பழைய முறைக்குப் போக, கெடு தேதிக்குள்ள 10-ஐஇஏ படிவம் போடணும். அப்புறம் புதிய முறைக்கு ஒரே ஒரு தடவைதான் திரும்பலாம். அதுக்கு மேல, வணிக வருமானம் இருக்கிற வரைக்கும் பழைய முறை கிடையாது. வாடகைப் படியும் 80சி-யும் நம்பி பழைய முறையில இருக்கறவங்க, முதல் ஆர்டர் எடுக்கறதுக்கு முன்னாடியே இதை யோசிக்கணும்.

மூணாவது, 12 லட்சம் கோடு. புதிய முறையில 12.75 லட்சம் சம்பளக்காரருக்கு 75,000 நிலையான கழிவு போக வரி பூஜ்யம். அவருக்கு க்வில்ட் லாபம் 20,000 வந்து மொத்த வருமானம் 12,20,000 ஆனா? மார்ஜினல் ரிலீஃப் கழிச்சும் வரி 20,000, அதுக்கு மேல செஸ் 800. லாபத்தைவிட வரி அதிகம்! உங்க சம்பளம் இந்தக் கோட்டுக்குப் பக்கத்துல இருந்தா, எவ்வளவு விற்கலாம்கறதை வருஷ ஆரம்பத்துலயே கணக்குப் போடுங்க.

ஜிஎஸ்டி பத்திப் பயப்பட வேண்டாம். தமிழ்நாட்டுக்குள்ள பொருள் விற்க 40 லட்சம் விற்பனை வரைக்கும் பதிவு தேவையில்லை. ஆனா பெங்களூருக்கு ஒரு பார்சல் அனுப்பினாலே பொது விதிப்படி பதிவு வேணும். குறிப்பிட்ட சில கைவினைப் பொருட்களுக்கு மட்டும் விலக்கு இருக்கு. உங்க பொருள் அதுல வருதான்னு ஒரு ஆடிட்டர்கிட்ட கேட்டுட்டு அனுப்புங்க. அதேபோல வெளி வருமானம் பத்தி உங்க அப்பாயின்ட்மென்ட் லெட்டர் என்ன சொல்லுதுன்னும் ஒரு தடவை படிச்சுடுங்க.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

1. பாதியில நிக்கிற க்வில்ட் எல்லாத்தையும் எடுத்துக் கட்டில்ல பரப்புங்க. ஒவ்வொண்ணுக்கும் நோட்டுல ஒரு பக்கம் ஒதுக்கி, ஆன செலவு, முடிக்க இன்னும் ஆகிற செலவு, முடிக்க வேண்டிய மணி நேரம் மூணையும் எழுதுங்க.
2. ஒரே சமயத்துல மூணு க்வில்ட்டுக்கு மேல வேண்டாம். ஒண்ணு முடிஞ்சாதான் அடுத்ததுக்குத் துணி.
3. ஏற்கெனவே போன காசை நினைச்சு எதையும் முடிக்காதீங்க. இனி போடப்போற காசுக்கும் நேரத்துக்கும் அது தகுதியான்னு மட்டும் பாருங்க. இல்லைன்னா பிரிச்சு, அந்தத் துணியை அடுத்ததுக்குப் பயன்படுத்துங்க.
4. விற்கறதா இருந்தா தனி சேவிங்ஸ் அக்கவுன்ட், தனி யுபிஐ ஐடி. சம்பளக் கணக்குல கலக்காதீங்க.
5. புது மெஷின் ஆசை வந்தா, இப்ப இருக்கிற மெஷின்ல மூணு க்வில்ட் முழுசா முடிச்சப்புறம் யோசிங்க. 2025 செப்டம்பர் 22-லேர்ந்து தையல் மெஷினுக்கு ஜிஎஸ்டி 12-லேர்ந்து 5 சதவீதமா குறைஞ்சது உண்மைதான். வரி குறைஞ்சதுங்கறதுக்காகத் தேவை கூடிடாது.

அடுத்த தடவை பாண்டி பஜார் போகும்போது அந்த நோட்டையும் பையில போட்டுக்கோங்க. எந்த க்வில்ட்டுக்கு எத்தனை மீட்டர் பாக்கின்னு எழுதியிருக்கோ, அதை மட்டும் வாங்கிட்டு வாங்க.