பிள்ளையின் மச்சம் மாறும்போது



நம் பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழில் ‘அங்க அடையாளங்கள்’ என்று ஓர் இடம் உண்டு. அதை நிரப்புவதற்காக ஒருமுறை மச்சத்தைத் தேடுகிறோம்; பின்பு மறந்துவிடுகிறோம். உலகத்தாரோ மச்சத்திற்குப் பலன் பார்க்கிறார்கள். விசுவாசிகளாகிய நமக்கு அந்தப் பலன்கள் வேண்டாம். ஆயினும் சரீரத்தைத் தேவனுடைய ஆலயமென்று அறிந்த நாம், அதில் தோன்றும் மாற்றத்தைக் கவனியாதிருப்பது தகாது.

மும்பையில் எங்கள் சபைச் சகோதரி ஒருவரின் 15 வயது மகனுக்கு உள்ளங்காலில் இருந்த மச்சம் பெரிதாகத் தொடங்கியது. செருப்பின் உராய்வு என்று எண்ணினார்கள். அந்தச் சகோதரி கேட்டுக்கொண்டபடி எண்ணெய் பூசி ஜெபித்தேன். ஆனால், “மருத்துவரிடம் காட்டினீர்களா?” என்று கேட்கவில்லை. 3 மாதங்களுக்குப் பின் இரத்தம் கசிகிறது என்று கண்ணீரோடு வந்தபோதுதான் என் தவறு எனக்கு விளங்கியது. மருத்துவர் மரத்துப்போகும் ஊசி போட்டு மச்சத்தை முழுவதுமாக அகற்றி, திசுப் பரிசோதனைக்கு அனுப்பினார். 10 நாட்கள் காத்திருந்தோம். புற்றுநோய் இல்லை என்று முடிவு வந்தது. கர்த்தரைத் துதித்தோம். ஆனால் அந்த 10 இரவுகளும் என் மனச்சாட்சி என்னைக் குற்றப்படுத்திற்று.

எது இயல்பானது?

வாலிபப் பருவத்தில் புதிய மச்சங்கள் தோன்றுவதும், பழையவை உடல் வளர்ச்சியோடு சற்றுப் பெரிதாவதும், கருமையடைவதும் இயல்பே. ஒரே நிறமும் தெளிவான ஓரமும் உடைய மச்சத்தைக் குறித்துப் பயப்பட வேண்டாம். மச்சத்தில் முடி வளர்வதும் ஆபத்தின் அறிகுறி அன்று.

எப்போது மருத்துவரிடம் காட்ட வேண்டும்?

* ஒரு பாதி மறு பாதியைப் போல இல்லாதிருந்தால்
* ஓரம் ஒழுங்கற்றோ மங்கியோ இருந்தால்
* ஒரே மச்சத்தில் பல நிறங்கள் காணப்பட்டால்
* அகலம் 6 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால்
* சில வாரங்களிலோ மாதங்களிலோ உருமாறினால். அரிப்பு, இரத்தக் கசிவு, ஆறாத புண் உண்டானால்

இவற்றில் ஒன்று இருப்பதாலேயே புற்றுநோய் என்று கலங்க வேண்டாம். தோல் மருத்துவரிடம் காட்ட அது போதுமான காரணம். இளவயதில் மச்சப் புற்றுநோய் மிக அரிது. வந்தால் கருமையாகவே இருக்கும் என்பதில்லை. வேகமாக வளரும் இளஞ்சிவப்புக் கட்டியாகவும் தோன்றலாம். நம்மைப் போன்ற மாநிறத்தாருக்கு உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களில் கவனம் தேவை. ஜமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லிக்கு 1977-ல் கால்விரல் நகத்தின் கீழ் இந்நோய் கண்டறியப்பட்டது. 1981-ல் தமது 36-ம் வயதில் அவர் மரித்தார். பிறவியிலேயே பெரிய மச்சம் உள்ள பிள்ளையைத் தொடர்ந்து மருத்துவரிடம் காட்டி வாருங்கள்.

செய்யக்கூடாதவை

சுண்ணாம்பும் சோடாவும் வைத்துச் சுடாதீர்கள். நூல் கட்டி அறுக்காதீர்கள். முகமச்சத்தால் வெட்கப்படும் மகளை, மருத்துவர் பார்க்குமுன் அழகு நிலையத்திற்கு அனுப்பாதீர்கள். எரித்து அழித்த மச்சத்தைப் பரிசோதிக்க இயலாது.

மாதம் ஒருமுறை மகனைத் தகப்பனும் மகளைத் தாயும் பாருங்கள். சந்தேகமான மச்சத்தின் அருகே அளவுகோலை வைத்துக் கைப்பேசியில் படம் எடுத்துத் தேதியோடு வைத்திருங்கள். ஆனால் இரத்தம் கசிந்தால் அடுத்த மாதம் வரை காத்திராதீர்கள். செலவுக்கு அஞ்சுவோர் அரசு அல்லது மாநகராட்சி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்குச் செல்லலாம்.

லேவியராகமம் 13-ம் அதிகாரத்தில், தோலில் தோன்றியதை ஆசாரியன் பார்க்கிறான். 7 நாள் கழித்து, அது படர்ந்ததா என்று மறுபடியும் பார்க்கிறான். எசேக்கியா ராஜாவுக்குச் சுகத்தை வாக்களித்த தேவன், பிளவையின்மேல் அத்திப்பழ அடை வைக்கப்படுவதைத் தடுக்கவில்லை. ஜெபிப்பது விசுவாசம். ஜெபித்த கையோடு பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது அவிசுவாசம் அன்று.

கர்த்தர் தாமே உங்கள் பிள்ளைகளைச் சுகத்தோடு காப்பாராக. ஆமென்.