எள்ளளவு மேடு

அச்சாகாத வெள்ளை என்எஃப்சி அட்டை ஒன்றை எடுத்து, விளக்கை அணைத்துவிட்டு, கைபேசி டார்ச்சை அதன் முதுகில் வைத்துப் பாருங்கள். சில அட்டைகளில் ஓரத்தை ஒட்டி, சிலவற்றில் நடுவில் வட்டமாக, சில சுற்றுக் கம்பி நிழலாகத் தெரியும். அதன் முனையில் எள்ளளவில் ஒரு கறுப்பு. கம்பிதான் ஆன்டெனா, எள்தான் சிப். பேட்டரி கிடையாது. கைபேசியை அருகில் கொண்டுவந்தால் நொடிக்கு 1 கோடியே 35 லட்சம் முறைக்கு மேல் ஊசலாடும் காந்தப்புலம் அந்தச் சுருளில் துளி மின்சாரத்தை உண்டாக்குகிறது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த அதே மின்காந்தத் தூண்டல். அந்தத் துளியில் சிப் விழித்து, தன்னிடம் உள்ளதைச் சொல்லிவிட்டு உறங்கிவிடும்.

இப்போது அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். சிப் இருக்கும் இடத்தில் மேற்பரப்பு லேசாக நெளியலாம். 0.76 மில்லிமீட்டர் தடிமனுள்ள அட்டையில் நாம் இதைக் கவனிப்பதே இல்லை. பிரிண்டர் கவனிக்கும். இத்தகைய அட்டையை அச்சடிக்க எந்த பிரிண்டர் வாங்கலாம் என்ற கேள்வியில் பாதி இந்த மேட்டில்தான் இருக்கிறது.

அடையாள அட்டை பிரிண்டரில் பரவலாக உள்ள வகை மையைத் தெளிப்பதில்லை. மஞ்சள், மெஜந்தா, சயான் சாயம் பூசிய ரிப்பன் அட்டைமேல் நகர, அதன் முதுகில் வெப்பத்தலை அழுத்துகிறது. தலையில் அங்குலத்துக்கு 300 குட்டிச் சூடேற்றிகள். சூடுபட்ட இடத்தில் சாயம் ஆவியாகி பிளாஸ்டிக்குக்குள் ஊறுகிறது. முகத்தின் நிறங்கள் புள்ளி புள்ளியாக இல்லாமல் குழைந்து வருவது இதனால்தான். ஆனால் தலை அட்டையோடு ஒட்டியே போக வேண்டும். மேட்டின் ஓரத்தில் ஒரு மயிரிழை விட்டுப்போனாலும் அங்கே வெளிறிய திட்டு விழும். மேடு துருத்திக்கொண்டிருந்தால் அடி தலைக்கு. ஒரு சூடேற்றி செத்துவிட்டால், அன்றிலிருந்து அச்சாகும் அட்டை ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைக் கோடு.

ரீட்ரான்ஸ்ஃபர் பிரிண்டர் இந்தத் தொல்லையைச் சுற்றிப் போகிறது. படத்தை முதலில் மெல்லிய படலத்தில் இடம் வலமாக மாற்றி அச்சடித்து, பிறகு அந்தப் படலத்தைச் சூடான உருளையால் அட்டைமேல் பதிக்கிறது. சிறுவயதில் பபிள்கம் உறைக்குள் வந்த படத்தை நனைத்துக் கையில் ஒட்டிக்கொண்டோமே, அதே வித்தை. படலம் வளைந்து கொடுப்பதால் மேடு பள்ளம் பெரிதாகத் தெரியாது. விலை அதிகம், வேகம் குறைவு. தினம் நூற்றுக்கணக்கில் அச்சடிப்பவர்கள் இதை வாங்கட்டும். ஐம்பது அட்டைதான் என்றால், சிப் இருக்கும் இடத்தில் முகம் வராமல் வடிவமைத்து முதல் வகையிலேயே ஒப்பேற்றிவிடலாம் என்பது என் கட்சி. அலுவலக லேசர் பிரிண்டரில் மட்டும் செருகிவிடாதீர்கள். அட்டையின் பிவிசி பிளாஸ்டிக் சுமார் 80 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். லேசர் பிரிண்டரின் சூட்டு உருளையான ஃபியூசரோ அதைப்போல் இரு மடங்குக்கு மேல் கொதிக்கும்.

சிப்புக்குள் எழுதுவது தனி வேலை. ‘ஆர்எஃப்ஐடி பிரிண்டர்’ என்று விற்கும் லேபிள் பிரிண்டர்கள் பலவும் கிடங்குகளுக்கான 860 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் டேக்குகளுக்கு எழுதுபவை. என்எஃப்சியின் மொழி 13.56 மெகாஹெர்ட்ஸ். அவற்றில் படம் விழுந்தாலும் சிப் வெறுமையாகவே இருக்கும். சிப்பிலும் இடம் கொஞ்சம்தான். பரவலாகக் கிடைக்கும் என்டேக்213-இல் நாம் எழுத 144 பைட். ‘க’ மூன்று பைட் பிடிக்கும், ‘கோ’ ஆறு. முகவரி அட்டையைத் தமிழில் எழுதப் புகுந்தால் தெருப் பெயருக்குள் இடம் தீர்ந்துவிடும். அதனால்தான் பலரும் ஒரு சின்ன இணைய முகவரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அச்சு முடிந்த ரிப்பனையும் ஒருமுறை விரித்துப் பாருங்கள். ரிப்பனின் எந்தப் பகுதியும் இரண்டாம் முறை பயன்படுவதில்லை. சாயம் வெளியேறிய இடம் அப்படியே வெளுத்து நிற்கிறது. எழுத்துகளுக்கென ரிப்பனில் உள்ள கறுப்புப் பட்டையை வெளிச்சத்தில் பிடித்தால், பழைய ஃபிலிம் சுருள்போல, அன்று அட்டை வாங்கிய ஒவ்வொருவரின் பெயரும் எண்ணும் வரிசையாகப் படிக்கக் கிடைக்கும்.